ஆக்டோபாத் டிராவலர்: எட்டுப் பேரும் ஏன் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை?

மாந்தோப்பு (கிருஷ்ணகிரி) எழுதியது:

போன கூட்டத்தில் பாதியில் நின்றுபோன பேச்சை எழுத்தில் தொடரலாம் என்று பலரும் கேட்டதால் இந்த இழையைத் தொடங்குகிறேன். ஆக்டோபாத் டிராவலர் என்ற வீடியோ விளையாட்டின் கதையை முடிவு வரை பேசப்போகிறோம். இன்னும் முடிக்காதவர்கள் முடித்துவிட்டு வருவது நல்லது.

முதலில் நிறைகள். 2018 ஜூலையில் நின்டெண்டோ ஸ்விட்சுக்கும், அடுத்த ஆண்டு கணினிக்கும் வந்த இந்த விளையாட்டை ஸ்குவேர் எனிக்ஸும் அக்வயரும் சேர்ந்து உருவாக்கின. சூப்பர் ஃபாமிகாம் என்ற பழைய நின்டெண்டோ கருவியின் காலத்துப் பிக்சல் உருவங்களை முப்பரிமாண ஒளிக்கும் நிழலுக்கும் நடுவே நடமாடவிட்ட அதன் காட்சியமைப்பு, பின்னால் வந்த பல விளையாட்டுகளுக்கு முன்மாதிரி ஆயிற்று. யசுனோரி நிஷிகியின் இசையைப் பற்றித் தனி இழையே போடலாம். ஒவ்வொருவருக்கும் உரிய இசை, பெரிய சண்டை தொடங்கும் நொடியில் நிற்காமல் அப்படியே சண்டை இசைக்குள் வழுக்கிச் செல்லும் இடங்களை எத்தனை முறை கேட்டாலும் அலுப்பதில்லை.

சண்டை முறை எளிதாகக் கற்றுக்கொள்ளக்கூடியது, ஆனால் எளிதில் தீர்ந்துபோவது அன்று. எதிரியின் கீழே ஒரு கேடயமும் ஓர் எண்ணும் தெரியும். அந்த எதிரிக்கு எந்த ஆயுதம், எந்த மந்திரம் ஆகாது என்பதைக் கண்டுபிடித்து அடித்தால் எண் ஒவ்வொன்றாகக் குறைந்து, பூஜ்யம் ஆனதும் எதிரி நிலைகுலைந்து தன் முறையை இழப்பான். நம் தாக்குதலுக்கு வலுவூட்டும் பூஸ்ட் புள்ளிகள் சுற்றுக்கு ஒன்று வீதம் சேரும்; அவற்றை ஐந்து வரை சேமிக்கலாம், ஒரே வீச்சில் மூன்று வரை செலவிடலாம், செலவிட்ட அடுத்த சுற்றில் புதிதாக ஒன்றும் சேராது. எப்போது சேமிப்பது, எப்போது கொட்டுவது என்ற இந்த ஒரு கேள்வியே அறுபது எழுபது மணி நேரத்துக்கு அலுப்புத் தட்டாமல் தாங்குகிறது.

இனிக் குறைக்கு வருகிறேன். எட்டுப் பயணிகள், ஆளுக்கு நான்கு அத்தியாயங்கள். யாரை முதலில் எடுத்தாலும், எந்த வரிசையில் போனாலும் கதை நடக்கும். இந்தச் சுதந்திரத்துக்குக் கொடுத்த விலை, எட்டுப் பேரும் ஒருவர் கதையில் மற்றவர் இல்லாதவர்களாகவே போனதுதான். ஒஃபீலியாவின் கதையையே எடுத்துக்கொள்வோம். அவளை எடுத்து வளர்த்த பேராயர் ஜோசப் நோயில் விழுகிறார். அதனால்தான் அக்காள் லியானாவுக்குப் பதிலாகத் தங்கை புனிதச் சுடரைத் தூக்கிக்கொண்டு யாத்திரை புறப்படுகிறாள். அதே பார்ட்டியில், அதாவது நாம் கூட்டிச்செல்லும் நால்வர் குழுவில், ஆல்ஃபின் இருக்கிறான். யாரிடமும் காசு வாங்காமல் ஊர் ஊராகப் போய் மருந்து கொடுப்பதையே வாழ்க்கை என்று எடுத்துக்கொண்டவன். அவனோடு தொடங்கினால், ஒஃபீலியாவைச் சந்திப்பதற்கு முன்பே அவன் ஒரு சிறுமியின் உயிரைக் காப்பாற்றிவிட்டிருப்பான். இருந்தும், ‘என் தந்தையைக் கொஞ்சம் வந்து பாருங்கள்’ என்று அவள் ஒரு வார்த்தை கேட்பதில்லை, ‘நான் பார்க்கட்டுமா’ என்று அவனும் கேட்பதில்லை. மூன்றாம் அத்தியாயத்தில் ஜோசப் இறந்த செய்தி வருகிறது. அந்த இடத்தில் எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும், வந்தது எரிச்சல்.

எழுத்தாளர்களுக்குத் திறமை இல்லை என்று நான் சொல்லவரவில்லை. தனித்தனியாகப் பார்த்தால் பல காட்சிகள் நன்றாகவே எழுதப்பட்டிருக்கின்றன. ஒன்றாகப் பயணம் செய்கிறவர்களை எழுத மறுத்துவிட்டார்கள் என்பதே என் குற்றச்சாட்டு.

பரிசல்துறை (பென்னாகரம்) எழுதியது:

அண்ணா, விளையாட்டு எதைத் தருவதாகச் சொன்னதோ அதை வைத்துத்தானே அளக்க வேண்டும்? எட்டுத் தனிக் கதைகள் என்றுதான் பெட்டியிலேயே போட்டிருக்கிறார்கள். சிறுகதைத் தொகுப்பு ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு, முதல் கதையின் நாயகன் ஏழாவது கதையில் ஏன் வரவில்லை என்று கேட்பது முறையாகாது.

தவிர, வரிசை நம் கையில் இருக்கும்போது எழுதுகிறவர் என்ன செய்ய முடியும்? ஒஃபீலியாவின் மூன்றாம் அத்தியாயத்துக்கு நான் ஆல்ஃபினையே சேர்க்காமல் போகலாம், வேட்டைக்காரி ஹானிட்டை மட்டும் வைத்துக்கொண்டும் போகலாம். யார் உடன் இருப்பார்கள் என்பது தெரியாமல் எப்படிக் காட்சி எழுதுவது?

மாந்தோப்பு எழுதியது:

தம்பி, யார் உடன் இருக்கிறார்கள் என்பது விளையாட்டுக்கு நன்றாகவே தெரியும். அதற்கு அத்தாட்சி அந்த விளையாட்டிலேயே இருக்கிறது. அத்தியாயத்தின் நடுவில் திரையின் ஓரத்தில் சிறு குறிப்பு ஒன்று தோன்றும். பட்டனை அழுத்தினால் கதைக்கு உரியவரும் அப்போது பார்ட்டியில் இருக்கும் ஒருவரும் நின்று பேசிக்கொள்வார்கள். திருடன் தேரியன் உடன் இருந்தால் ஒரு பேச்சு, வியாபாரிப் பெண் ட்ரெஸ்ஸா உடன் இருந்தால் வேறொரு பேச்சு. இத்தனை இணைகளுக்கும் உரையாடல் எழுதி வைத்திருக்கிறார்கள், அவற்றில் பலவும் சுவையானவை. உலகம் தெரியாத ட்ரெஸ்ஸாவும் எவரையும் நம்பாத தேரியனும் பேசும் இடங்களில் இரண்டு பேருமே தத்தம் சொந்தக் கதையில் இருப்பதைவிட உயிரோடு இருக்கிறார்கள்.

ஆகவே, எழுத முடியாது என்ற வாதம் நிற்காது. எழுதினார்கள். எழுதியதைக் கதைக்கு வெளியே, அழுத்தினால் உண்டு அழுத்தாவிட்டால் இல்லை என்ற இடத்தில் வைத்தார்கள். குறிப்பைக் கவனிக்காமல் நடந்துவிட்டால் அந்தப் பேச்சு போனது போனதுதான். அங்கே யார் என்ன ஆறுதல் சொன்னாலும் அடுத்த காட்சியில் அதன் சுவடு இருக்காது.

சிறுகதைத் தொகுப்பு என்ற வாதத்துக்கும் ஒரு பதில் உண்டு. தொகுப்பில் முதல் கதையின் நாயகன் ஏழாவது கதையில் நின்று வாள் வீசமாட்டான். இங்கே வீசுகிறான். வாள்வீரன் ஓல்பெரிக்கின் மூன்றாம் அத்தியாயத்தை நினைத்துப் பாருங்கள். எட்டு ஆண்டுகளுக்கு முன் தன் அரசனைக் கொன்று ஹார்ன்பர்க் நாட்டையே சாய்த்த எர்ஹார்ட்டைத் தேடி அலைந்தவன், வெல்ஸ்பிரிங் என்ற பாலைவன ஊரில் அவனைக் கண்டுபிடித்து, வீரனுக்கு வீரன் என்று வாளை உருவுகிறான். காட்சி முடிந்து சண்டைத் திரை வருகிறது. ஓல்பெரிக்கின் பக்கத்தில் ஒரு நடனக்காரி, ஒரு வியாபாரிப் பெண், ஒரு திருடன். நால்வருமாகச் சேர்ந்து அந்த ஒற்றை ஆளை அடித்து முடித்ததும் மூவரும் காற்றில் கரைந்துபோக, இரண்டு வீரர்களும் மானம், நட்பு என்று தனியே நின்று பேசிக்கொள்கிறார்கள். இரண்டாம் அத்தியாயத்து விக்டர்ஸ் ஹாலோ போட்டியிலும் இதே கூத்துதான் நடக்கிறது. ஒற்றைக்கு ஒற்றை என்று அரங்கத்தையே கூட்டிவைத்து நால்வரை இறக்கும் போட்டி இந்த விளையாட்டின் ஆர்ஸ்டெரா உலகில் மட்டும்தான் உண்டு போலிருக்கிறது.

இரவுப்பணி (ஓசூர்) எழுதியது:

எழுத்துத் தரத்தைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி உண்டோ இல்லையோ, விளையாடும் வசதியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தொழிற்சாலையில் வாரத்துக்கு ஒரு ஷிப்ட் என்று மாறி மாறிப் பார்க்கிறவனுக்கு, நூறு மணி நேரக் கதை ஒன்றை நினைவில் வைத்துக்கொண்டு இரண்டு வாரம் கழித்துத் தொடர்வது பெரும்பாடு. இந்த விளையாட்டில் ஓர் அத்தியாயம் ஒன்று ஒன்றரை மணி நேரத்துக்குள் தொடங்கி முடிந்துவிடுகிறது. ஓசூரில் பேருந்து ஏறினால் தருமபுரி வருவதற்குள் ஒருவரின் கதை ஒரு படி ஏறி நின்றிருக்கும். நீங்கள் குறை என்று சொல்லும் அந்தத் தனித்தனி அமைப்பு எனக்கு வசதியாகவே இருந்தது.

குறையாக எனக்குப் பட்டது வேறு. எல்லா அத்தியாயமும் ஒரே அச்சு. ஊருக்குள் நுழைகிறோம், ஒரு காட்சி வருகிறது, ஊர்க்காரர் ஒருவரிடம் அவரவர் வித்தையைக் காட்டுகிறோம், இன்னொரு காட்சி, ஒரு குகை அல்லது மாளிகை, கடைசியில் பாஸ் என்ற பெரிய எதிரி. எட்டு பேருக்கும் இதுவே, நான்கு முறையும் இதுவே. மூன்றாவது ஆளின் இரண்டாம் அத்தியாயத்திலேயே அடுத்து என்ன வரும் என்று கை தானாக அறிந்துவிடுகிறது.

இன்னொன்று: பார்ட்டியில் இல்லாமல் மதுக்கடையில் உட்கார்ந்திருக்கும் நால்வருக்கு அனுபவப் புள்ளி ஒன்றுகூட ஏறாது. நான்காம் அத்தியாயங்களுக்கு லெவல் 45 வாக்கில் வேண்டும் என்று விளையாட்டே சொல்கிறது. பிடிக்காதவர்களையும் இழுத்துக்கொண்டு திரிந்தே ஆக வேண்டும்.

தென்பெண்ணை (காவேரிப்பட்டணம்) எழுதியது:

எட்டையும் ஒரே தராசில் வைக்கிறீர்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. எட்டில் இரண்டு கதைகள் நன்றாக எழுதப்பட்டவை, மூன்று சுமார், மூன்று தூங்கவைப்பவை.

நல்ல இரண்டில் ஒன்று ஆல்ஃபினுடையது, குறிப்பாக அதன் மூன்றாம் அத்தியாயம். முதல் இரண்டு அத்தியாயங்களிலும் அவன் நல்லவன், அவ்வளவுதான். நோயாளி வருவார், மூலிகை பறிப்பான், குணமாகும். செயின்ட்ஸ்பிரிட்ஜ் ஊருக்கு வந்தபின் மிகேல் என்ற ஒருவன் காயத்தோடு கிடக்கிறான். அவன் எப்படிப்பட்டவன் என்பதை அறிந்த ஓகன் என்ற மூத்த வைத்தியர், இவனுக்கு மருந்து போட மாட்டேன் என்று மறுத்துவிட்டுப் போகிறார். உயிர் என்றால் உயிர்தான் என்று ஆல்ஃபின் குணமாக்குகிறான். எழுந்து நடமாடத் தொடங்கிய மிகேல் செய்யும் முதல் வேலை இன்னொரு கொடுமை. அவனை எதிர்த்து நிற்க வேண்டிய பொறுப்பு, அவனைப் பிழைக்கவைத்தவன் தலையிலேயே விழுகிறது. நல்லவனாக இருப்பதைத் தவிர வேறு அடையாளமே இல்லாத ஒரு பையனை எழுத்தாளர் எங்கே கொண்டுவந்து நிறுத்துகிறார் பாருங்கள். நான்காம் அத்தியாயத்தில் அதே ஓகன் நோயில் விழுந்து சாகவே விரும்பிக் கிடக்கும்போது, ஆல்ஃபின் பேசும் பேச்சில் முதல் அத்தியாயத்துப் பையன் இல்லை. வளர்ச்சி என்று நான் சொல்வது இதைத்தான்.

பிரிம்ரோஸைப் பற்றி எல்லோரும் புகழ்வதால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். பிரபு குடும்பத்தில் பிறந்தவள், தந்தையைக் கொன்ற மூவரின் உடலில் காகச் சின்னம் இருப்பதைக் கண்டவள், அவர்களில் ஒருவன் என்றாவது வருவான் என்று சன்ஷேட் ஊரின் மதுக்கடையில் ஹெல்கெனிஷ் என்ற கயவனின் கீழ் ஆண்டுக்கணக்கில் ஆடிக்கொண்டிருக்கிறாள். முதல் அத்தியாயத்தில் தோழி யூசுஃபா அவளுக்காக உயிரை விடுகிறாள். எட்டு முதல் அத்தியாயங்களில் இதற்கு நிகர் எதுவும் இல்லை. ஆனால் யூசுஃபாவைப் பாருங்கள்: அவளுக்கு என்று ஒரு ஆசை, ஒரு ஊர், ஒரு கோபம் எதுவும் எழுதப்படவில்லை. பிரிம்ரோஸின் கால் அந்த ஊரை விட்டு நகர வேண்டும் என்பதற்காகவே ஒருத்தி பிறந்து இறக்கிறாள். நாயகியைப் புறப்பட வைக்க இன்னொரு பெண்ணைக் கொல்வது சோம்பேறி எழுத்து. காட்சி நன்றாக இருப்பதனால் அது மறைந்துபோகிறது.

அவளுடைய கடைசி அத்தியாயம் மட்டும் எனக்கு மறக்காது. எவர்ஹோல்ட் ஊரின் நாடக அரங்கில், இளமையில் அவள் நேசித்த சிமியோன், அவளுடைய வாழ்க்கையையே நாடகமாக்கி, தந்தை கொலையுண்ட காட்சியை அவள் கண்ணெதிரே நடிகர்களை வைத்து நடத்திக் காட்டுகிறான். அவள் துயரம்தான் அவனுக்குக் கலை. அவனைக் கொன்ற பிறகும் அவளுக்கு மனம் ஆறுவதில்லை, விளையாட்டும் ஆற்றிக்காட்ட முயல்வதில்லை. அந்தத் துணிவை மெச்சுகிறேன்.

இனித் தூங்கவைத்தவர்கள். அறிஞன் சைரஸ் புத்தகம் தேடுகிறான், நான்கு அத்தியாயமும் தேடுகிறான். தொடக்கத்தில் எவ்வளவு அறிவாளியோ முடிவிலும் அவ்வளவே அறிவாளி, தொடக்கத்தில் பிறர் மனம் அறியாதவனோ முடிவிலும் அப்படியே. அவனுடைய மாணவி தெரீஸ் அவனை விரும்புவதும் அவன் அதைக் கவனிக்காததும் ஒரே நகைச்சுவையாக முதலிலிருந்து கடைசிவரை வருகிறது. ஒஃபீலியாவும் ஹானிட்டும் நல்லவர்கள். அதற்கு மேல் அவர்களைப் பற்றி எழுத என்னிடம் ஒன்றும் இல்லை.

பரிசல்துறை எழுதியது:

அக்கா, சைரஸை இப்படி ஒரே வெட்டாக வெட்டலாமா? சண்டை தொடங்கியதும் எதிரியின் ஒரு பலவீனத்தை அவனாகவே கண்டு சொல்வது யார்? அவன் இல்லாமல் பார்ட்டி அமைத்துப் பார்த்தால்தான் அருமை தெரியும்.

தென்பெண்ணை எழுதியது:

தம்பி, அது சைரஸின் திறமை. நான் பேசியது சைரஸின் கதையை.

மாந்தோப்பு எழுதியது:

தம்பி விளையாட்டாகச் சொன்னாலும் அதில் ஒரு விஷயம் இருக்கிறது. இந்த விளையாட்டின் நல்ல பாத்திரப் படைப்பு வசனத்தைவிட விதிகளில்தான் அதிகம் இருக்கிறது. சைரஸுக்கு எதையும் ஆராயாமல் இருக்க முடியாது என்பதை, அவன் வாய் திறக்காமலே ஒவ்வொரு சண்டையின் தொடக்கமும் சொல்லிவிடுகிறது. ட்ரெஸ்ஸா பார்ட்டியில் இருந்தால் புதிய இடத்தில் கால் வைத்ததும் கீழே கிடந்த காசைக் கண்டெடுப்பாள். நாணயத்தைப் பார்த்தால் குனியாமல் இருக்க முடியாத ஒரு சின்னப் பெண்ணை இதைவிடச் சுருக்கமாக எப்படி எழுதுவது? ஊதா நிறப் புதையல் பெட்டிகளைத் தேரியனால் மட்டுமே திறக்க முடியும். ஓல்பெரிக் தன் பாதுகாப்பை உயர்த்திக்கொண்டு மற்றவர்களுக்கு விழும் அடியைத் தான் வாங்குவான். ஹானிட் காட்டு விலங்குகளைப் பிடித்துப் பழக்கிச் சண்டையில் ஏவுவாள்.

இவ்வளவு அழகாக எழுதத் தெரிந்தவர்கள், அதே விதிகள் பாத்திரத்தோடு முட்டிக்கொள்ளும் இடத்தில் கண்ணை மூடிக்கொள்கிறார்கள். தேரியன் எவர் மடியிலும் கை வைக்கலாம். கிழவி, பிச்சைக்காரர், குழந்தை என்ற வேறுபாடு கிடையாது. அவன் கை வைக்கும்போது பக்கத்தில் நிற்பது யார்? தேவாலயத்துச் சுடரை ஏந்தி வந்த ஒஃபீலியா, மானமே உயிர் என்று வாழும் ஓல்பெரிக், விலை பேசி வாங்குவதே தர்மம் என்று நினைக்கும் ட்ரெஸ்ஸா. ஒருவரும் முகம் சுளிப்பதில்லை. திருட்டு பலமுறை தோற்றுப்போனால் அந்த ஊரில் நம் மதிப்புக் கெட்டு ஊர்க்காரர்கள் ஒதுங்கிப்போவார்கள், மதுக்கடைக்காரருக்குப் பணம் கட்டித்தான் அதை மீட்க வேண்டும். ஊருக்குக் கோபம் வருகிறது, மதுக்கடைக்காரருக்கு அக்கறை வருகிறது, கூட வருகிற ஏழு பேருக்கு மட்டும் ஒன்றுமே வருவதில்லை.

நடுகல் வாசகன் (தருமபுரி) எழுதியது:

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவன், மகன் விளையாடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துப் பின்னர் நானே விளையாடி முடித்தவன் என்பதால், நீங்கள் யாரும் தொடாத ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன்.

எட்டுப் பயணிகளைவிட என்னைப் பிடித்து நிறுத்தியவர்கள் ஊர்க்காரர்கள். ஆல்ஃபின் அவர்களிடம் அன்பாக விசாரித்தாலும் சரி, சைரஸ் நோட்டம் விட்டு ஆராய்ந்தாலும் சரி, ஏறக்குறைய எல்லோரைப் பற்றியும் நாலைந்து வரிகளில் ஒரு வாழ்க்கை திறக்கிறது. தெருவில் சும்மா நிற்கும் ஒரு கிழவருக்குப் பழைய பகை இருக்கும், கடைக்காரருக்கு யாரிடமும் சொல்லாத ஒரு கடன் இருக்கும். பெரும்பாலான விளையாட்டுகளில் இத்தகையவர்கள் ‘ஆற்றங்கரையில் ஜாக்கிரதை’ என்று சொல்லவே பிறந்தவர்கள்.

நம் மாவட்ட அருங்காட்சியகத்தில் இருக்கும் நடுகற்களைப் பார்த்தவர்களுக்கு இந்தச் சுருக்கம் புதிதாக இருக்காது. இன்ன அரசனுக்கு இத்தனையாவது ஆண்டில், இன்னாருடைய சேவகன் இன்னான், தொறு (மாட்டு மந்தை) மீட்டுப் பட்டான் என்று வட்டெழுத்தில் சில வரிகள். கீழே வில்லோ வாளோ ஏந்திய ஓர் உருவம். அவ்வளவில் ஒரு மனிதனும் அவன் ஊரும் அவனுடைய எசமானும் அன்றைய சண்டையும் முழுதாக நம் முன் நிற்கின்றன. சொல்லாமல் விட்டவற்றை நாமே நிரப்பிக்கொள்கிறோம். இந்த விளையாட்டின் எழுத்தாளருக்குக் கைவந்த அளவு அந்த நாலு வரிதான் என்பது என் எண்ணம். அதே கை நான்கு அத்தியாயத்துக்கு நீட்டும்போது, ஏற்கெனவே நாம் புரிந்துகொண்டதையே பாத்திரங்கள் நின்று நின்று நமக்கு விளக்குகின்றன. ஒஃபீலியா தன் அக்காளை எவ்வளவு நேசிக்கிறாள் என்பதை முதல் காட்சியிலேயே அறிந்துகொண்டோம். அதன்பின் எத்தனை முறை அதையே கேட்டோம்?

மாந்தோப்பு எழுதியது:

ஐயா, நீங்கள் சொல்வதை ஏற்கிறேன். ஆனால் அதையே என் பக்கமும் திருப்பிக்கொள்கிறேன். அந்த ஊர்க்காரர்களில் பலருடைய துணைக்கதைகளுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட தீர்வு உண்டு. ஒருவர் தேடும் பொருளை விலைக்கு வாங்கிக் கொடுக்கலாம், திருடியும் கொடுக்கலாம், வேண்டிய ஆளை ஒஃபீலியா அழைத்துவரலாம், பிரிம்ரோஸ் மயக்கியும் அழைத்துவரலாம். பெயரில்லாத ஊர்க்காரர் ஒருவருக்கே இத்தனை வழிகளை யோசித்தவர்கள், எட்டு நாயகர்களில் ஒருவர் கதைக்கேனும் இன்னொருவரால் ஒரு வழி திறக்கும்படி யோசிக்கவில்லையே!

இரவுப்பணி எழுதியது:

எல்லாம் சேரும் இடம் ஒன்று இருக்கிறதே, கல்டெராவின் வாசல். அதைப் பற்றி யாரும் பேசவில்லை. எட்டுக் கதைகளையும் முடித்துவிட்டு வீட்டில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டேன். பிறகுதான் கூட வேலை செய்யும் ஒருவர், கதையின் முடிவு இன்னும் இருக்கிறது என்றார்.

மாந்தோப்பு எழுதியது:

அங்கேதான் வருகிறேன். எட்டுக் கதைகளும் உண்மையில் ஒரே கதை. கிரகாம் கிராஸ்ஃபர்ட் என்ற ஒரே மனிதனின் சுவடு பல கதைகளில் கிடக்கிறது. ஆல்ஃபினைச் சிறுவயதில் பிழைக்கவைத்த வைத்தியன் அவன். ட்ரெஸ்ஸா கையில் வைத்துக்கொண்டு திரியும் நாட்குறிப்பை எழுதியவனும் அவனே. ஹானிட்டின் குருவைக் கல்லாக்கிய சிவந்த கண் மிருகம் யார் என்று கேட்டால், உருக்குலைந்துபோன அதே மனிதன். மறுபுறத்தில் ஒஃபீலியாவின் மாத்தியாஸ், ஓல்பெரிக்கின் வெர்னர், பிரிம்ரோஸின் சிமியோன், சைரஸின் லூசியா ஆகிய வில்லன்கள் எல்லோருக்கும் பின்னால், கல்டெரா என்ற வீழ்ந்த தெய்வத்தின் மகள் லிப்லாக்கின் நிழல் இருக்கிறது.

கதைக்கட்டு என்ற அளவில் இதைக் குறை சொல்ல மாட்டேன், வியக்கவே செய்கிறேன். ஆனால் இது எங்கே இருக்கிறது? எட்டு முடிவுகளையும் பார்த்தபின், கிரகாமின் மகன் கிட் தொடர்பான ஒரு துணைக்கதையையும் இன்னொன்றையும் தேடிப்பிடித்து முடித்தால்தான் அந்த வாசல் திறக்கும். முடிக்கும்படி எவரும் நம்மிடம் சொல்வதில்லை. உள்ளே போனால் பழைய பாஸ்கள் எட்டுப் பேரை மறுபடி வென்று, நடுவில் சேவ் செய்ய வழியே இல்லாமல், எட்டுப் பேரையும் இரண்டு அணியாகப் பிரித்துக் கல்டெராவோடு பொருத வேண்டும். தோற்றால் முதலிலிருந்து. உண்மையெல்லாம் அங்கே கிடக்கும் குறிப்புகளில் எழுதியிருக்கிறது. நாம் படிக்கிறோம், பாத்திரங்கள் ஒரு வார்த்தை பேசுவதில்லை. தன்னைப் பிழைக்கவைத்த மனிதன்தான் தோழி ஹானிட் வேட்டையாடிய மிருகம் என்று அறியும்போது ஆல்ஃபினின் முகம் எப்படி இருந்திருக்கும்? ஹானிட் அவனிடம் என்ன சொல்லியிருப்பாள்? இந்த விளையாட்டு முழுவதிலும் எழுதப்பட்டிருக்க வேண்டிய ஒரே காட்சி அதுதான். அது இல்லை.

பரிசல்துறை எழுதியது:

இதற்கு என்னிடம் பதில் இல்லை, அண்ணா. ஆனால் இரண்டாம் பாகம் இதையெல்லாம் சரிசெய்துவிட்டது என்பதையாவது ஒத்துக்கொள்வீர்கள் என்று நினைக்கிறேன். 2023 பிப்ரவரியில் வந்தது, புதிய உலகம், புதிய எட்டுப் பேர். இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து நடக்கும் தனி அத்தியாயங்கள் இருக்கின்றன. ஹிகாரியும் அக்னியாவும், டெமினோஸும் த்ரோனேயும், ஓஷெட்டும் காஸ்டியும், ஆஸ்வால்டும் பார்ட்டிட்டியோவும். எல்லாம் முடிந்தபின் எட்டுப் பேரும் ஒன்றாக நடக்கும் கடைசிக் கதை ஒன்றும் உண்டு, அதைத் தேடித் திரிய வேண்டியதும் இல்லை.

தென்பெண்ணை எழுதியது:

பாதி சரிசெய்தது என்று சொல்லலாம். மனைவியையும் மகளையும் இழந்து, செய்யாத கொலைக்குச் சிறை புகுந்து பழிவெறி ஒன்றோடு மட்டும் வெளிவரும் ஆஸ்வால்டையும், உலகத்தில் வறுமையே இருக்கக்கூடாது என்று வாய் ஓயாமல் பேசும் பார்ட்டிட்டியோவையும் ஒரே வழியில் நடக்கவிட்ட யோசனைக்குப் பாராட்டு. ஆனால் அந்த இணைக்கதைகள் இரண்டு சிறு அத்தியாயங்களில் முடிந்துபோகின்றன. சொந்தக் கதையின் கடைசி பாஸைக் கொன்றபின் மற்ற மூவரும் மறைந்துபோவது இரண்டாம் பாகத்திலும் மாறவில்லை.

தனித்தனி எழுத்து மட்டும் நன்றாகவே உயர்ந்திருக்கிறது. டெமினோஸுக்கு கிரிக் என்ற இளம் காவல்வீரனோடு ஏற்படும் நட்பையும் அது முடியும் விதத்தையும் நினைத்துப் பாருங்கள். கிரிக்குக்கு என்று ஒரு நம்பிக்கை, ஒரு தயக்கம், ஒரு முடிவு இருந்தது. யூசுஃபாவுக்குக் கொடுக்காததை அவனுக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

நடுகல் வாசகன் எழுதியது:

பழைய உதாரணம் ஒன்று. மகன் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். 1990-இல் வந்த டிராகன் குவெஸ்டின் நான்காம் பாகம் இதே சிக்கலை வேறு விதமாகக் கையாண்டது. முதல் நான்கு அத்தியாயங்களில் தனித்தனி ஆட்களாக விளையாடுகிறோம், ஐந்தாவதில் நாயகன் வந்து அவர்களை ஒவ்வொருவராகச் சேர்க்கிறான். அங்கே வரிசை கட்டாயம். சேரும்போது அவர்கள் யார் என்பது நமக்கு முன்பே தெரியும் என்பதால் ஒவ்வொரு சேர்க்கையும் மகிழ்ச்சி தருகிறது. ஆக்டோபாத்தில் ஒருவரைச் சேர்த்த பிறகுதான், விருப்பமிருந்தால், அவருடைய முதல் அத்தியாயத்தைப் பின்னோக்கிப் பார்க்கிறோம். அங்கேயே உறவு தளர்ந்துவிடுகிறது.

மாந்தோப்பு எழுதியது:

1994-இல் வந்த லைவ் எ லைவும் இந்த வகையே, ஐயா. அதில் பல கதைகளை விரும்பிய வரிசையில் முடிக்கலாம், ஆனாலும் கடைசியில் எல்லோரையும் ஒரே இடத்தில் கொண்டுவந்து நிறுத்தி, இதுவரை நாம் செய்ததற்கெல்லாம் ஒரு பொருளைக் கொடுத்துவிடுகிறது. 2022-இல் அதை மறுபடி வெளியிட்டபோது ஆக்டோபாத்தின் காட்சியமைப்பையே அதற்குப் பயன்படுத்தினார்கள் என்பதில் எனக்கு ஒரு சிறு திருப்தி. வரிசைச் சுதந்திரமும் கூடிவரும் முடிவும் ஒன்றுக்கொன்று பகை இல்லை என்பதை அது ஆக்டோபாத் வருவதற்கு இருபத்து நான்கு ஆண்டுகளுக்கு முன்பே காட்டியிருந்தது.

புதிய வரவு (பாலக்கோடு) எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். முடிவு தெரிந்தாலும் பரவாயில்லை என்று முழுவதையும் படித்துவிட்டேன். இத்தனை குறை சொன்ன பிறகும் எல்லோரும் முடித்திருக்கிறீர்களே என்பதே எனக்கு விளையாடும் ஆசையைத் தூண்டுகிறது. யாரிலிருந்து தொடங்கலாம்?

இரவுப்பணி எழுதியது:

முதலில் தேர்ந்தெடுப்பவரை, அவருடைய நான்கு அத்தியாயமும் முடியும்வரை பார்ட்டியிலிருந்து இறக்க முடியாது. அதை மனத்தில் வைத்துக்கொண்டு தேர்ந்தெடுங்கள். ஊதாப் பெட்டிகளை விட்டுவிட்டுத் திரும்பி வருவது வீண் வேலை என்பதால் நான் தேரியன் என்பேன்.

தென்பெண்ணை எழுதியது:

பெட்டிக்காகத் தேரியனை எடுங்கள், அது நியாயம்தான். கதைக்காக என்றால் ஆல்ஃபினை எடுங்கள். முதல் இரண்டு அத்தியாயங்கள் சப்பென்று இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். திரையோரத்தில் பேச்சுக் குறிப்பு தோன்றும் ஒவ்வொரு முறையும் நின்று பட்டனை அழுத்துங்கள். முக்கியமாக, அவன் கூட ஹானிட் இருக்கும்போது.

மாந்தோப்பு எழுதியது:

கிட் என்ற சிறுவன் வழியில் எதிர்ப்பட்டு உதவி கேட்டால் தட்டிக்கழிக்காதீர்கள். கல்டெராவின் வாசலுக்குப் போகும் முன் எட்டுப் பேரையும் சரிசமமாக லெவல் ஏற்றிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் இரண்டாவது அணி நிற்காது. முடித்ததும் இங்கே வந்து எழுதுங்கள். பிரிம்ரோஸைப் பற்றித் தென்பெண்ணை அக்காவோடு எனக்கு இன்னும் ஒரு வழக்குப் பாக்கி இருக்கிறது, அதற்கு மூன்றாவது ஆளின் தீர்ப்பு வேண்டும்.